போனது மூன்று கிலோ, வந்தது ஒன்றரை: ஒரு விற்பனைத் தளத்தின் ரிட்டர்ன் பிரிவு

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது நாச்சியார்கோவில். கல் கருடன் இருக்கும் ஊர் என்றால் பலருக்கும் தெரியும். குத்துவிளக்குக்கும் அதே ஊர்தான். என் மாமனார் அங்கே ஒரு பட்டறையில் நாற்பது வருஷம் வார்ப்பு வேலை பார்த்தவர். கணவர் கடைசல் பிடிக்கிறார். விளக்கைப் படம் எடுத்து, எடை போட்டு, பெட்டி கட்டி ஆன்லைனில் விற்பது என் பொறுப்பு. 2023 ஆடி மாதம் தொடங்கினேன். நாத்தனார் பேக்கிங்குக்கு உதவி.

நான் விற்கும் தளம் நாடு முழுக்க எல்லோரும் பொருள் வாங்கும் பெரிய தளங்களில் ஒன்று. பெயர் எழுதவில்லை. வாங்குபவர்களின் பக்கத்திலிருந்து அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விற்பவர்களின் பேனலுக்குள்ளே ரிட்டர்ன், கிளெய்ம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொருள் திரும்பி வந்தால், பணம் பிடித்தால், தகராறு வந்தால் நாம் போய் நிற்க வேண்டிய வாசல் அதுதான். அந்த வாசலில் மட்டும் இரண்டு வருஷம் நின்ற அனுபவம் இது.

முதலில் அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வாங்கியவருக்குப் பொருள் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள் ரிட்டர்ன் கேட்கலாம். ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்து, படம் போட்டால் போதும். கூரியர் போய் எடுத்துக்கொள்ளும். அவர் பணம் அவருக்குப் போய்விடும். பொருள் என்னிடம் வந்து சேர ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். வந்த பொருளில் குறை இருந்தால் நான் ஏழு நாளுக்குள் கிளெய்ம், அதாவது நஷ்டஈடு கேட்கும் மனு, போட வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் வீடியோ கட்டாயம். அதை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து பார்த்து, ஏற்கிறார் அல்லது தள்ளுகிறார். தள்ளினால் மேல்முறையீடு உண்டு. அதுவும் பேனலில் அதே இடத்தில் எழுதுவதுதான்.

இதில் வாங்குபவருக்கு இருக்கும் உரிமையை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். 2020ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றாலோ, சொன்ன தேதி தாண்டி வந்தாலோ விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. நியாயம்தான். பார்க்காமல் காசு கொடுக்கிறவருக்கு அந்தப் பிடிமானம் இல்லையென்றால் ஒருவரும் நம்மிடம் வாங்க மாட்டார்கள். கடைக்கு வருகிறவர் விளக்கைக் கையில் தூக்கிப் பார்ப்பார், தட்டி ஓசை கேட்பார், அடியைத் திருப்பிப் பார்ப்பார். ஆன்லைனில் வாங்குகிறவருக்கு அது எதுவும் கிடையாது.

தொடங்கிய ஆறு மாதத்தில் எனக்கு வந்த ரிட்டர்ன்களில் பாதிக்கு மேல் என்னால் வந்தவை. இதை எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் விற்பவர்கள் கூடும் இடங்களில் பேச்சு எப்போதும் ஏமாற்றும் வாடிக்கையாளர்களைப் பற்றியே போகிறது. என் நோட்டைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கிறது.

நாச்சியார்கோவில் விளக்கு ஒரே வார்ப்பாக வருவதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை வெட்டித் திருகிச் சேர்ப்பது. நான் கழற்றித்தான் அனுப்புகிறேன். அதற்குக் காரணம் கூரியர் கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவது ஒரு எடை. தராசில் வருவது இன்னொரு எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 14 அங்குல ஜோடியை முழுசாகப் பெட்டி கட்டினால் 45, 30, 20 ஆகிறது. வகுத்தால் 5.4 கிலோ. கழற்றி அடுக்கினால் 30, 20, 20. வெறும் 2.4 கிலோ. அப்போது தராசு எடையான 2.9 கிலோவுக்குக் கட்டணம் கொடுத்தால் போதும்.

எனக்கு இது பழகிப்போன விஷயம். நாக்பூரில் பெட்டியைத் திறந்த ஒரு பெண்ணுக்கு அப்படி இல்லை. தண்டு தனி, தட்டு தனி, அன்னம் தனியாகக் கிடப்பதைப் பார்த்தவர் "விளக்கு உடைந்து வந்திருக்கிறது" என்று படம் போட்டுத் திருப்பிவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதே மாதிரி அந்த மாதத்தில் நான்கு வந்தன. நான்கிலும் ஒரு கீறல்கூடக் கிடையாது. அப்புறம்தான் புத்தி வந்து, திருகும் விதத்தைப் படம் வரைந்து ஒரு தாளாக அச்சடித்து, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மேலே வைத்தேன். எழுத்து இல்லை, நான்கு படம் மட்டும். அந்த வகை ரிட்டர்ன் அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் வந்தது.

இரண்டாவது, நிறம். பித்தளை காற்றுப் பட்டாலே மங்கும். மெருகு போட்ட அன்று எடுத்த படம் தங்கம் மாதிரி இருக்கும். மூன்று வாரம் அலமாரியில் இருந்து போன விளக்கு அப்படி இருக்காது. "பழைய பொருள் அனுப்பிவிட்டார்கள்" என்று புகார். நம் ஊரில் புளி போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை? படங்களை மாற்றினேன். மெருகு போட்ட அன்றைய படம் ஒன்று, ஒரு மாதம் கழித்த படம் ஒன்று. அடியைத் திருப்பி வைத்து வார்ப்பின் சொரசொரப்பு தெரியும்படி ஒன்று. தண்டில் கடைசல் கோடு தெரியும்படி ஒன்று. ஒவ்வொரு விளக்கின் எடையையும் கிராமில் எழுதினேன். விற்பனை கொஞ்சம் குறைந்தது. ரிட்டர்ன் அதைவிட அதிகமாகக் குறைந்தது.

இந்த இரண்டையும் நான் கண்டுபிடிக்க அந்தத் தளம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. என் முதல் மனக்குறை இதுதான். ரிட்டர்ன் கேட்டவரோடு நான் ஒரு வார்த்தை பேச வழி கிடையாது. "அம்மா, அதைத் திருகினால் சேர்ந்துவிடும்" என்று ஒரே ஒரு வரி அந்த நாக்பூர் பெண்ணுக்கு அனுப்ப முடிந்திருந்தால் அவருக்கும் விளக்கு கிடைத்திருக்கும், இரண்டு பக்கக் கூரியரும் மிஞ்சியிருக்கும். வாட்ஸ்ஆப் வழியாக நேரடியாக ஆர்டர் கொடுப்பவர்களிடம் இதுவே தினமும் நடக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர், "ஏம்மா, விளக்கு ஆடுது, அடி சரியில்ல போலருக்கே" என்று குரல் பதிவு அனுப்பினார். "ஐயா, தட்டை எடுத்துவிட்டுத் தண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குங்க" என்றேன். ஐந்து நிமிஷத்தில் படம் வந்தது, விளக்கு ஏற்றி. வாங்குபவரின் போன் எண்ணை மறைப்பது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எண்ணைக் காட்டாமலே ரிட்டர்னுக்கு முன் ஒரு நாள் செய்தி அனுப்பும் வசதி கொடுக்கலாம்.

இனி கிளெய்ம்.

2024ல் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அதற்கு முந்தைய மூன்று வாரம்தான் எங்கள் வருஷத்திலேயே பெரிய விற்பனை. தீபம் முடிந்த மறுநாள் 14ஆம் தேதி காலை பேனலைத் திறந்தால் ஆறு ரிட்டர்ன் வேண்டுகோள். அவற்றில் ஒன்று சொன்ன தேதி தாண்டி, தீபம் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்த பார்சல். பண்டிகைக்குப் பிறகு அந்த விளக்கை வைத்து அவர் என்ன செய்வார்? மனசாரத் திரும்ப வாங்கிக்கொண்டேன். காரணம் தாமதம் என்று இருந்ததால் ரிட்டர்ன் கட்டணமும் என் மேல் விழவில்லை. இந்த இடத்தில் தளம் சரியாக நடந்துகொண்டது.

மூன்று விளக்குகள் ஏற்றிவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவை. திரி முகத்தில் புகைக்கரி, தட்டின் அடியில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு, ஒன்றில் குங்குமம்கூட அப்படியே இருந்தது. அந்தக் குங்குமத்தைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை. மாமாவிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி, அவரே புளிக்கரைசலில் போட்டார். காரணம் என்று குறிப்பிட்டிருந்தது "பொருள் சேதம்". மூன்றுக்கும் கிளெய்ம் போட்டேன். மூன்றும் தள்ளுபடி. பதில் ஒரே மாதிரி: பொருள் மறுவிற்பனைக்கு ஏற்ற நிலையில் உள்ளது. துணியாக இருந்தால் கறை என்று பார்ப்பார்கள், போனாக இருந்தால் கீறல் என்று பார்ப்பார்கள். ஏற்றிய விளக்கு எது, ஏற்றாத விளக்கு எது என்று பார்க்க அவர்களுடைய படிவத்தில் இடமே இல்லை. சுத்தம் செய்து, மறுபடி மெருகு போட்டு, விவரத்தைச் சொல்லியே கடையில் குறைந்த விலைக்குக் கொடுத்தேன். புதுசு என்று இன்னொருவர் வீட்டுப் பூஜையறைக்கு அனுப்ப முடியாது.

பெரிய அடி ஆறாவதில். 14 அங்குல ஜோடி, விளக்கு மட்டும் 2 கிலோ 340 கிராம், விலை 3,150 ரூபாய். 9ஆம் தேதி கிடைத்திருக்கிறது, 14ஆம் தேதி "தவறான பொருள்" என்று ரிட்டர்ன். 21ஆம் தேதி, சனிக்கிழமை மாலை எங்கள் வாசலுக்கு வந்தது. பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது நான் கட்டிய பெட்டி இல்லை. அளவிலும் சின்னது. கூரியர் தம்பி ஓ.டி.பி. கேட்டான். ஓ.டி.பி. கொடுத்தால் நல்லபடியாகப் பெற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். கொடுக்காவிட்டால் பார்சல் திரும்பிப் போய், அப்புறம் அது எங்கே கிடக்கும் என்றே தெரியாது. "அக்கா, இன்னும் இருபது இடத்துக்குப் போகணும், எனக்கு லேட் ஆகுது" என்றான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. பெட்டியை வாசலிலேயே தராசில் வைத்து, நாத்தனாரை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு ஓ.டி.பி. கொடுத்தேன்.

1 கிலோ 400. உள்ளே தகட்டில் அடித்த மெல்லிய விளக்கு இரண்டு. தட்டிப் பார்த்தால் டப்பா ஓசை.

அன்று இரவே கிளெய்ம் போட்டேன். 23ஆம் தேதி பதில்: அனுப்பிய படங்களில் வேறுபாடு தெளிவாக இல்லை, நிராகரிக்கப்பட்டது. உண்மையிலேயே ஒரு படத்தில் அவருக்கு வேறுபாடு தெரிந்திருக்காது. மஞ்சளாக இரண்டு விளக்கு, உயரம் ஒன்று, தலையில் அன்னம். பித்தளையைக் கையில் தூக்கிப் பார்த்திராத ஒருவருக்கு வார்ப்பும் தகடும் ஒன்றுதான். மேல்முறையீட்டில் என் பேக்கிங் வீடியோவையும் பிரித்த வீடியோவையும் சேர்த்துப் போட்டேன். இரண்டிலும் தராசு தெரியும். மறுபடி நிராகரிப்பு. இந்த முறை, வீடியோவில் பெட்டியின் ஆறு பக்கமும் லேபிளும் ஒரே தொடர்ச்சியாகத் தெரியவில்லையாம். போனில் அழைக்கச் சொல்லி டிக்கெட் (புகார் பதிவு) போட்டால், ஒரு பெண் அழைத்தார். பேனலைத் தமிழில் பார்க்கலாம், ஆனால் பேச்சு இந்தியில் அல்லது ஆங்கிலத்தில்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று அவரே சொன்னார்.

வழி கிடைத்தது வேறு இடத்தில். வாராவாரம் பணம் போடும்போது ஒரு ஸ்டேட்மெண்ட் வரும். கமிஷன், கூரியர், பிடித்த வரி எல்லாம் வரி வரியாக இருக்கும். வழக்கமாக மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அன்று அந்த ஆர்டரின் வரிகளைத் தேடிப் படித்தேன். போகும்போது கூரியர் கட்டணம்: 3 கிலோ ஸ்லாப் (கட்டணத்துக்கான எடைப் படி). திரும்பும்போது ரிட்டர்ன் கட்டணம்: 1.5 கிலோ ஸ்லாப். என் தராசைத்தான் அவர்கள் நம்பவில்லை, இது அவர்களுடைய கூரியர் போட்ட எடை. அந்த எடைக்குத்தான் என்னிடம் காசு பிடித்திருக்கிறார்கள். இரண்டு வரியையும் வட்டமிட்டு, "நீங்கள் 3 கிலோ கொண்டுபோனதற்கும் 1.5 கிலோ கொண்டுவந்ததற்கும் என்னிடம் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள். மீதி ஒன்றரைக் கிலோ எங்கே?" என்று மட்டும் எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை.

2025 ஜனவரி 8ஆம் தேதி கிளெய்ம் ஏற்கப்பட்டது. விலையில் அறுபது சதவிகிதம், 1,890 ரூபாய். கூரியர் கட்டணங்கள் கிடைக்கவில்லை. ஏன் அறுபது, ஏன் நூறு இல்லை என்பதற்கு ஒரு வரிகூட விளக்கம் இல்லை. வந்த பொருள் என் பொருளே இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு நாற்பது சதவிகித இழப்பை நான் ஏன் ஏற்க வேண்டும்? இதைக் கேட்டு அனுப்பிய டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன 2020 விதிகளில், தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று கெடு இருக்கிறது. அது வாங்குபவரின் புகாருக்கான கெடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் அவர்களுக்காகத்தான். விற்பவரின் கிளெய்முக்கு அந்த விதிகளில் அப்படி ஒரு நாள் கணக்கு இல்லை. தளம் தானாக வைத்துக்கொள்வதுதான் கெடு. எனக்கு ஏழு நாள், அவர்களுக்கு எத்தனை நாள் என்று பேனலில் எங்குமே எழுதவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். கூரியரில் நசுங்கிப் போன கேஸ்களில் இந்தப் பிரிவு நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு முறை பெட்டி ஒரு பக்கம் முழுக்க நசுங்கி, தட்டின் விளிம்பு வளைந்து வந்தது. பிரித்த வீடியோவோடு இரண்டு படம் போட்டேன், மூன்றாம் நாள் முழுப் பணமும் வந்தது. கண்ணுக்குத் தெரிகிற சேதம் என்றால் கேள்வியே கேட்பதில்லை. ஸ்டேட்மெண்ட் ஒளிவுமறைவு இல்லாமல் இருப்பதும் பெரிய விஷயம், அது இல்லையென்றால் அந்த 1,890 ரூபாயும் கிடைத்திருக்காது. ரிட்டர்ன் ஆன விற்பனையைக் கழித்துத்தான் ஜி.எஸ்.டி. டி.சி.எஸ். (விற்பனையில் தளமே பிடித்துக் கட்டும் வரி) கணக்கிடுகிறார்கள் என்பதையும் ஆடிட்டர் சரிபார்த்துச் சொன்னார், அதில் பிழை இல்லை.

இப்போது நான் செய்வது: பெட்டி மூடும் முன் விளக்கு தராசில் இருக்க, ஆர்டர் எண் பக்கத்தில் தெரிய, நிறுத்தாமல் ஒரே வீடியோ. ஒவ்வொரு அடிப்பாகத்தின் உள்பக்கத்திலும் கணவர் கடைசலில் இருக்கும்போதே சின்னதாக ஒரு எண் வெட்டிவிடுகிறார். அந்த எண் பட்டியல் விவரத்திலும் இருக்கிறது, பெட்டிக்குள் வைக்கும் தாளிலும் இருக்கிறது. எண் வெட்டத் தொடங்கிய பிறகு மாற்றி வைத்து அனுப்பிய பொருள் ஒன்றும் வரவில்லை. ரிட்டர்ன் வந்தால் ஆறு பக்கத்தையும் காட்டிவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன். ஒரு வீடியோவுக்கு மூன்று நிமிஷம் ஆகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி என்றால் அரை மணி நேரம். அந்த நேரத்துக்கு விலை எங்கும் சேராது.

தளத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கிளெய்ம் படிவத்தில் எடைக்கு ஒரு கட்டம் வையுங்கள். போன எடை, வந்த எடை இரண்டும் உங்கள் கணினியிலேயே இருக்கிறது, பாதிக்குப் பாதி வித்தியாசம் என்றால் அதுவாகவே ஒரு ஆள் பார்வைக்குப் போகட்டும். பித்தளை, வெண்கலம், வெள்ளி விற்பவர்கள் எல்லோருக்கும் இது ஒன்றே பாதிச் சண்டையை முடித்துவிடும். அப்புறம் தமிழில் பேசும் ஒருவர்.

மார்க் போடச் சொன்னால், சேதக் கேஸ்களுக்கு ஐந்தில் நான்கு. பொருள் மாறிய கேஸ்களுக்கு ஐந்தில் ஒன்றரை. ஏற்றிய விளக்குக்கு மார்க்கே இல்லை.

போன கார்த்திகைக்கு அந்தத் தளத்தில் 6 அங்குலம் வரைதான் போட்டேன். 14 அங்குல ஜோடி பட்டியலில் இல்லை. கேட்டவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் விளக்கைத் தராசில் வைத்து வீடியோ அனுப்பினேன். பதினொரு ஜோடி போயிற்று. ஒன்று திரும்பி வந்தது. மரை சரியாக வெட்டப்படவில்லை, தண்டு நேராக நிற்கவில்லை, எங்கள் தப்புதான். கணவர் அன்றே வேறு தண்டு கடைந்து கொடுத்தார், மறுநாளே அனுப்பிவிட்டேன்.